நாளைக்கே வேலையை விடப்போகிற ஏ.எஸ்.ஐ. நிக்கோலஸ்

மனித இனத்தில் ‘நாளைக்கே வேலையை விடப்போகிறவர்’ என்றொரு பிரிவு உண்டு. பள்ளிக்கூடம், வங்கி, மின்வாரியம், பஸ் டிப்போ என்று மாதச் சம்பளம் விளைகிற மண்ணிலெல்லாம் இவர் செழிப்பாக வளர்வார். அடையாளம் கண்டுகொள்வது சுலபம். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, ஜன்னலைத் திறந்து, தன் மேஜையைத் தானே துடைத்து, நாற்காலியை இப்படியும் அப்படியும் நகர்த்தி, கடைசியில் அது நேற்றிருந்த அதே இடத்துக்கு வந்துவிட்டதை உறுதி செய்துகொண்டு, உட்கார்ந்து, ஒரு பெருமூச்சு விட்டு, “இதெல்லாம் ஒரு வேலையா?” என்று கேட்பார் பாருங்கள், அவர்தான். அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். அது கேள்வி இல்லை. சுப்ரபாதம்.

நாளைக்கே விட்டுவிடப்போகிறார். நாளை வரும். அவரும் வருவார்.

இந்தப் பிரிவுக்குள் பல கிளைகள் இருந்தாலும் காக்கிக் கிளைக்கு நிகர் வேறில்லை. மற்ற வேலைக்காரர்கள் தங்கள் கஷ்டத்தைக் கொஞ்சம் காற்றடித்துப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது. போலீஸ்காரருக்கு அந்தச் சிரமமே கிடையாது. தூக்கம் இல்லை, ஓணம் இல்லை, கிறிஸ்துமஸ் இல்லை. மந்திரி வருகிறார் என்று வெயிலில் நிற்கவேண்டும், மந்திரி வரவில்லை என்றாலும் நிற்கவேண்டும். திருடனும் திட்டுவான், திருட்டுக் கொடுத்தவனும் திட்டுவான், இரண்டு பேரையும் பிடிக்காத மேலதிகாரி மூன்றாவதாகத் திட்டுவார். புகாரில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தான் சொல்லச் சொல்ல அப்படி இனிக்கிறது.

நம்முடைய ஏ.எஸ்.ஐ. நிக்கோலஸையே பாருங்களேன்.

கேரளத்தின் தென்கோடியில், காலை நீட்டிப் படுத்தால் பாதம் தமிழ்நாட்டில் கிடக்கும் என்கிற மாதிரியான எல்லையோரத்து ஸ்டேஷன் ஒன்றில் அவருக்கு வேலை. பிறந்தது பொழியூர் கடற்கரையில். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போனவர்கள். நிக்கோலஸுக்கு வள்ளத்தில் ஏறினாலே குமட்டும் என்பதால் போலீஸ் பரீட்சை எழுதினார், தேறினார், பாறசாலைப் பக்கம் வீடு வைத்தார், அன்றிலிருந்து “பேசாமக் கடலுக்குப் போயிருக்கலாம்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மீசை முக்கால்வாசி நரைத்துவிட்டது. மகள் ஷிஜா பிறந்து, வளர்ந்து, நர்சிங் படித்து, வெளிநாட்டுக்கே போய்விட்டாள். அவர் இன்னும் நாளைக்குத்தான் விடப்போகிறார்.

காலையில் பூட்ஸுக்கு முகம் தெரியும்வரை பாலிஷ் போடுவார். தெரிகிற முகத்தைப் பார்த்தபடியே, “ஜெம்மா, இந்தச் சவத்துச் சோலிய இண்ணைக்கு எறிஞ்சிட்டு வரப்போறேன், பாத்துக்க” என்பார். சோலி என்றால் அந்தப் பக்கத்தில் வேலை. உள்ளேயிருந்து மனைவி ஜெம்மா, “எறிஞ்சிட்டு வரும்போ மீன் வாங்கிட்டு வாருங்க” என்பாள். மற்ற வீடுகளில் ‘போய்வருகிறேன்’, ‘சரி’ என்று சொல்லிக்கொள்வார்கள் இல்லையா, அது இந்த வீட்டில் இப்படி.

லீவு எடுக்கமாட்டார். மேலதிகாரி கட்டாயப்படுத்தி லீவு கொடுத்தால், வேட்டி கட்டிக்கொண்டு, “சும்மா இந்தப் பக்கம் வந்தேன்” என்று ஸ்டேஷனுக்கு வந்து, சாயங்காலம்வரை அந்தப் பக்கத்திலேயே இருப்பார். காணாமல்போன மாட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு யாராவது நன்றியோடு ஒரு பலாப்பழம் தூக்கிக்கொண்டு வந்தால், பழத்தையும் ஆளையும் சேர்த்து வெளியே அனுப்பிவிட்டு, அது தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்று, “ஒரு சக்கப்பழம் திங்க விதியில்லாத சோலி மக்கா” என்பார். அதைச் சொல்லும்போது குரலில் இருக்கும் பெருமையை விற்றால் ரெண்டு பலாத்தோப்பு வாங்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். அவருடைய வேலையைத் திட்டும் உரிமை அவருக்கு மட்டும்தான். பக்கத்து வீட்டுச் சதாசிவன் நல்ல மனிதர், அமைதியாக ரப்பர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர், ஒரு ஞானஸ்நான விருந்தில் இது தெரியாமல் மாட்டிக்கொண்டார். நிக்கோலஸ் வழக்கம்போல வேலையை வைதுகொண்டிருக்க, மரியாதைக்காக, “சரியாக்கும் சாரே, போலீஸ் சோலி மோசம்தான்” என்று ஒத்துப் பாடிவிட்டார்.

நிக்கோலஸ் கையிலிருந்த பாயசத்தைக் கீழே வைத்தார்.

“என்ன மோசத்தக் கண்டீரு?”

“இல்ல, நீங்கதான்…”

“நான் பறயலாம். நீரு பறயப்பிடாது. ஒமக்க ரப்பரு ஷீட்ட எவனாவது எடுத்துட்டுப் போனா நீரு யாருகிட்ட வருவீரு? தபால்காரன்கிட்டயா?”

அதன்பின் காவல்துறையின் பெருமைகள் குறித்துச் சதாசிவனுக்கு ஒரு முழு வகுப்பு நடந்தது. விருந்துக்கு வந்தவர்கள் கைகழுவி, வெற்றிலை போட்டு, வீடு போய்ச் சேர்ந்த பிறகும் அது நடந்துகொண்டிருந்தது.

இப்படியே ஓய்வுபெறும்வரை சந்தோஷமாகக் கஷ்டப்பட்டிருப்பார். இடையில் அமிர்தா வந்தாள்.

அமிர்தா ஆரியங்கோட்டுக்காரி. பல்கலைக்கழகத்தில் மனோதத்துவம் ஆராய்கிறவள். போலீஸ்காரர்களுக்கு வேலையில் திருப்தி உண்டா, எதை மதித்து அவர்கள் இந்த வேலையில் நிற்கிறார்கள் என்பது அவளுடைய ஆராய்ச்சி. இன்ஸ்பெக்டர் ஷியாமளா அனுமதி கொடுத்து, பேசுவதற்கு ஆள் யார் என்று யோசிக்க ஆரம்பிப்பதற்குள், ஸ்டேஷனே ஒரு குரலாக, “நிக்கோலஸ் சார்” என்றது.

“சார், உங்க வேலையில உங்களுக்குத் திருப்தி எவ்வளவு? ரொம்பத் திருப்தி, திருப்தி, பரவாயில்ல, அதிருப்தி, ரொம்ப அதிருப்தி. இதுல எது?”

“அதுக்குக் கீழ ஒண்ணும் இல்லியா மக்களே?”

இல்லை என்றாள். நிக்கோலஸ் ஏமாற்றத்தோடு கடைசிப் பதிலை ஏற்றுக்கொண்டு, விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். அப்போது ஒரு பெண் அழுதுகொண்டே வந்தாள். பக்கத்து வீட்டுச் சேவல் வேண்டுமென்றே அவள் ஜன்னலைப் பார்த்துக் கூவுகிறதாம். இளம் போலீஸ்காரன் அகிலேஷ் சிரிப்பை அடக்கச் சுவரைப் பார்த்து நின்றான். நிக்கோலஸ் சிரிக்கவில்லை. சேவலின் வயது, நிறம், கூவும் திசை, இரு வீட்டாருக்கும் முன்பகை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரரை போனில் கூப்பிட்டார். கூட்டைத் திருப்பிவைக்கச் சொன்னார். போனிலேயே திருப்பச் சொல்லி, திருப்பியாச்சா என்று கேட்டு, கொஞ்சம் கிழக்காக இன்னும் திருப்பச் சொன்னார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டுப் போனாள். அவர் முகம் நெய்விளக்கு மாதிரி இருந்தது. அமிர்தாவிடம் திரும்பினார். விளக்கை அணைத்தார்.

“எங்க விட்டேன்? ஆங், நரகம்.”

மூன்று தடவை இப்படி எழுந்து போய்த் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து நரகத்தைத் தொடர்ந்தார். சேவலைத் திருப்பிய நிக்கோலஸைப் பற்றி அமிர்தாவின் கேள்விகள் கேட்கவில்லை. நரகத்தைப் பற்றி மட்டும் கேட்டன. அமிர்தா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குடும்பத்தின் நிலையையும் தெரிந்துகொள்ளவேண்டும் என்று நேரே ஜெம்மாவைப் பார்க்கப் போனாள்.

“அம்மா, சார் உள்ளுக்குள்ள உடைஞ்சு போயிருக்காரு. உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

ஜெம்மா அப்போது மத்தி மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. இத்தனை வருஷம் அவர் சொன்னதெல்லாம் உண்மைதானா? நாமல்லவா மீன் வாங்கிவரச் சொல்லிக்கொண்டிருந்தோம்! படித்த பெண் சொல்கிறாள், கண் கலங்கச் சொல்கிறாள். ஜெம்மா மீனை அப்படியே வைத்துவிட்டுத் தம்பி ஜெய்சனைக் கூப்பிட்டாள். ஜெய்சன் வளைகுடாவிலிருந்து திரும்பிவந்து பனச்சமூட்டில் டைல்ஸும் குளியலறைச் சாமான்களும் விற்கிற கடை வைத்திருப்பவன். அக்காவுக்கு அவன் மறுப்பு சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

அன்று சாயங்காலம் நிக்கோலஸ் பூட்ஸைக் கழற்றியபடி, “இந்தச் சோலிய எறிஞ்சிட்டு…” என்று ஆரம்பித்தார்.

“எறிஞ்சிருங்க” என்றாள் ஜெம்மா.

நிக்கோலஸ் ஒரு பூட்ஸோடு நின்றார்.

“என்னது?”

“எறிஞ்சிருங்கன்னு பறஞ்சேன். நீங்க பட்டதெல்லாம் போதும், மதி. ஜெய்சன்கிட்ட பேசியாச்சு. ஒரு மாசம் லீவு போட்டுட்டு அவனுக்க கடையில இருங்க. பிடிச்சுப்போனா விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துரலாம். எல்லாக் கஷ்டத்தையும் மனசுல போட்டுட்டு இத்தற நாளும் இருந்தியளே!” அவள் அழுதாள். பிறகு அவருடைய மற்ற பூட்ஸைத் தானே கழற்றினாள். கல்யாணமாகி அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

அந்த நிமிஷத்தில் நிக்கோலஸின் வயிற்றுக்குள் நடந்தது என்னவென்றால், வள்ளத்தில் ஏறினால் நடக்குமே, அது. ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய் திறந்தார். ஆனால் எப்படிச் சொல்வது? இத்தனை வருஷமாக ஜெயில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவன், கதவு திறந்ததும், ‘இல்லை, சும்மாதான் தட்டினேன்’ என்று சொல்லமுடியுமா?

“கொள்ளாம்” என்றார். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். குரல்தான் அப்படி அர்த்தப்படவில்லை.

ஸ்டேஷனில் கட்டாயம் தடுப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. நீங்கள் போனால் இந்த ஸ்டேஷன் என்னாவது என்று யாராவது ஒருவர் கேட்டால் போதும், அந்த ஒருவருக்காகத் தியாகம் செய்துவிடத் தயாராக வந்தார். நடந்தது வேறு. இன்ஸ்பெக்டர் ஷியாமளா எழுந்து வந்து கைகுலுக்கினார். “பாக்யவான்!” என்றார். பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் டீயும் வந்தன. ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “சார் தப்பிச்சாச்சு” என்றார்கள். சிலருக்குக் கண் கலங்கியிருந்தது. பிரிவுத் துயரம் என்று நினைத்துவிடாதீர்கள். பொறாமை. அந்த ஸ்டேஷனில் எல்லோருமே ஒரே இனம்தான். அகிலேஷ் அவருடைய நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து பார்த்து, “நல்ல சுகம் உண்டு” என்றான். நிக்கோலஸ் பழம்பொரியைக் கடித்தார். அது ஈரத்துணி மாதிரி இருந்தது.

மறுநாள் பனச்சமூட்டுக் கடைக்குப் போனார். சம்பளம் வாங்கமாட்டேன், லீவில் இருக்கும் அரசு ஊழியர் வேறு சம்பளம் வாங்குவது குற்றம், என்று மைத்துனனுக்கு முதலில் சட்டம் சொன்னார்.

“அளியா, நீங்க சும்மா சிரிச்சிட்டு நின்னா மதி” என்றான் ஜெய்சன். அளியன் என்றால் அக்கா புருஷன். மச்சான் என்றும் வைத்துக்கொள்ளலாம். “வாறவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டுட்டு எடுத்துக் காட்டணும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். ஆனால் சிரிப்பு என்பது நிக்கோலஸின் முகத்துக்குப் பழக்கமில்லாத உடற்பயிற்சி. அவர் சிரித்துக்கொண்டு வாசலில் நின்றதைப் பார்த்த முதல் இரண்டு வாடிக்கையாளர்கள், கடைக்குள் ஏதோ விபரீதம் என்று ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். மூன்றாவதாக ஒரு பெரியவர், கண் சரியாகத் தெரியாதவர், உள்ளே வந்தார்.

“ஒரு க்ளோசெட் வேணும்” என்றார். கக்கூஸில் வைக்கிற பீங்கான் கோப்பைக்குக் கடையில் அதுதான் பெயர்.

“பேரு?”

பெரியவர் பெயரைச் சொன்னார்.

“அப்பனுக்க பேரு?”

அதையும் சொன்னார்.

“எங்கேந்து வாறீரு?”

“வெள்ளறடையிலேந்து.”

“வெள்ளறடையில கடை இல்லியா? அங்க விட்டுட்டு இங்க வரக் காரணம்?”

பெரியவருக்கு வியர்த்தது.

“வீட்டுல இப்பம் இருக்கிற க்ளோசெட் என்ன ஆச்சு? தானா உடைஞ்சுதா? இல்ல, யாராவது உடைச்சாவளா? கடைசியா அதுல இருந்தது யாரு?”

“சாரே, ஒரு கக்கூஸ் வாங்க வந்தேனாக்கும். வேற ஒரு தப்பும் செய்யல்ல” என்று பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியேறினார். கொஞ்ச நேரம் கழித்து, தனக்குச் சாட்சி சொல்ல ஒரு பஞ்சாயத்து மெம்பரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். மெம்பர் அவருடைய நன்னடத்தைக்கு உறுதி சொன்ன பிறகே நிக்கோலஸ் அவருக்குக் கோப்பையைக் காட்டினார்.

இரண்டாம் வாரத்துக்குள் பனச்சமூட்டுச் சந்தையில் ஒரு வதந்தி கிளம்பிவிட்டது. குளியலறை கட்டுவதற்குப் போலீஸ் அனுமதி வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். ஜெய்சனுக்கு முடி கொட்டியது. அக்காவிடம் சொல்லவும் பயம். நிக்கோலஸோ கடையில் நிற்கும்போதெல்லாம் வெளியே பார்த்தார். பனச்சமூட்டு முக்கில் இரண்டு மாநிலத்து பஸ்களும் ஆட்டோக்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போயின. யாரோ தப்பாக நிறுத்தினார்கள். யாரோ ஹெல்மெட் இல்லாமல் போனார்கள். அவருடைய வலதுகை தானாக எழும்பும். அதை அவர் இடதுகையால் பிடித்துக் கீழே இறக்குவார். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஜெம்மா கேட்டால், “சுகமாட்டு இருக்கேன். நல்ல நிம்மதி” என்றார். அவர் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டு ஜெம்மாவுக்குத்தான் திக்கென்றது. ஆள் ஏதோ நோயில் விழுகிறாரோ?

அந்த நிலைமையில் ஒரு திங்கட்கிழமை காலையில்தான் ஆடு வந்தது.

கடைக்கு எதிரே ஒரு பியூட்டி பார்லர். அதற்குள் ஒரு மணப்பெண்ணுக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. பெயர் ஜோஸ்னா. தமிழ்நாட்டுப் பக்கத்துக்காரி. பதினொரு மணிக்குச் சர்ச்சில் கல்யாணம். அவள் அப்பா ஈசாக், முல்லையும் ரோஜாவும் முன்னும் பின்னும் தொங்குகிற காரை வாசலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது காரில் ஒரு இதழ் மிச்சமில்லை. லீலாபாய் என்கிற அம்மாளின் கிடா ஒன்று, தாடியில் ஒரேயொரு ரோஜாவோடு, கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

ஈசாக் போட்ட சத்தத்தில் முக்கு முழுவதும் கூடிவிட்டது.

“இந்த ஆட்ட இண்ணைக்கே விருந்துல பிரியாணி ஆக்கல்லைன்னா எனக்க பேரு ஈசாக் இல்ல!”

“ஒனக்க பேரு என்னவோ ஆவட்டு! எனக்க ஆடு தினமும் போற வழியாக்கும் இது. அதுக்க வாயில கொண்டு பூவ நீட்டினது யாருலே?” என்று லீலாபாய் ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். பார்லர் கதவிடுக்கில் அரை அலங்காரத்தோடு நின்று ஜோஸ்னா அழ, அலங்காரத்தின் அந்த அரையும் கரைய ஆரம்பித்தது.

யாரோ போன் செய்ய, இரண்டு மாநிலத்துப் போலீசும் வந்தது. கேரளத்துக்கு அகிலேஷ். தமிழ்நாட்டுக்கு ஒரு நடுவயது ஏட்டையா. காரைச் சுற்றிவந்து பார்த்த இருவருக்கும் முகம் மலர்ந்தது. காரின் முன்சக்கரங்கள் கேரளத்தில். பின்சக்கரங்கள் தமிழ்நாட்டில்.

“ஆடு முன்னாலதான் தின்ன ஆரம்பிச்சிருக்கு. ஒங்க கேஸ் தம்பி” என்றார் ஏட்டையா.

“தின்னு முடிச்சது பின்னாலயாக்கும். ஒங்களுக்கு உள்ளது சார்” என்றான் அகிலேஷ்.

இப்படி இருவரும் ஒருவருக்கொருவர் ஆட்டை விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்க, மணி பத்தரையைத் தாண்டியது. ஈசாக்கின் சொந்தக்காரர்கள் ஆட்டின் ஒரு காதைப் பிடித்தார்கள். லீலாபாயின் ஆட்கள் மறுகாதைப் பிடித்தார்கள். கல்யாணமும் ஆடும் எந்த நிமிஷமும் கைவிட்டுப்போகலாம்.

கடைக்குள் நிக்கோலஸ் ஒரு வாடிக்கையாளரை விசாரித்துக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தினார். “நான் வாறதுவர நீரு இந்த இடத்த விட்டு அசையப்பிடாது” என்று அந்த மனிதரிடம் சொல்லிவிட்டு, கையிலிருந்த டைல்ஸ் அளக்கும் டேப்போடு ரோட்டில் இறங்கினார். வேட்டிதான் கட்டியிருந்தார். ஆனால் அவர் நடந்த நடையில் வேட்டிக்கே மடிப்பு வந்துவிட்டது.

“எல்லாரும் ஒரு அடி பின்னால!”

கூட்டம் இரண்டடி பின்னால் போனது. காதுகள் விடுபட்டன. ஆடுகூட அசைபோடுவதை நிறுத்தியது.

முதலில் டேப்பை விரித்துக் காரை அளந்தார். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் அளக்க அளக்கக் கூட்டத்தின் கோபம் இறங்கியது. அளக்கிறவர் ஒருவர் வந்துவிட்டால் நம் ஜனங்களுக்கு ஒரு நிம்மதி. பிறகு அகிலேஷை ஆட்டின் காவலுக்கு வைத்தார். ஏட்டையாவை அனுப்பி வண்டிகளைத் திருப்பிவிடச் சொன்னார். வேறு மாநிலத்து ஆள், வேட்டி கட்டியவர், உத்தரவு போடுகிறாரே என்று ஏட்டையா ஒரு கணம் யோசித்தார். அதற்குள் அவருடைய கை தானாக சல்யூட் அடித்துவிட்டது.

“ஈசாக்கே, ஒமக்கு இப்பம் ஆடு வேணுமா, கல்யாணம் வேணுமா?”

“கல்யாணம் சாரே. ஆனா பூவில்லாத கார்ல எப்படி…”

நிக்கோலஸ் திரும்பிக் கடையைப் பார்த்தார். ஜெய்சன் ஒவ்வொரு வாஷ்பேசினையும் பிளாஸ்டிக் ரோஜாச் சரத்தால் அலங்கரித்து வைத்திருந்தான். அடுத்த ஐந்தாவது நிமிஷம் அத்தனை சரமும் காரில் இருந்தது. ஜெய்சன், “அளியா! அது டிஸ்ப்ளே அளியா!” என்று பின்னாலேயே ஓடிவந்து பார்த்தான். ஒரு பிரயோஜனமும் இல்லை.

“லீலாபாயம்மா, நீரு இப்பம் அந்தப் பிள்ளையிட்ட ஒரு நல்ல வார்த்த பறயணும். ஆட்டக் கெட்டிப் போட்டுட்டுக் கல்யாணத்துக்கும் போணும். ஈசாக்கு விளிப்பாரு. விளிக்கும் ஓய்!”

ஈசாக் அழைத்தார். லீலாபாய் மூக்கைச் சிந்தி, “நல்லா இரு மக்களே” என்று ஜோஸ்னாவின் கன்னத்தைத் தொட்டாள். அலங்காரத்தில் மிச்சமிருந்ததும் போயிற்று. பரவாயில்லை, பெண் சிரித்துவிட்டாள். கார் கிளம்பியது. சிவப்பும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் ரோஜா ஜொலிக்க, பின்கண்ணாடியில் சரத்தோடு வந்து ஒட்டிக்கொண்ட அட்டையில் ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று எழுதியிருக்க, மணப்பெண் சரியான நேரத்துக்குச் சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அந்த அட்டையைப் படித்துவிட்டு ஜோஸ்னாவின் தங்கையை ஒருமாதிரியாகப் பார்த்ததாகக் கேள்வி.

கூட்டம் கலைந்த ரோட்டின் நடுவில் நிக்கோலஸ் நின்றார். சட்டை நனைந்திருந்தது. வேட்டியில் ஆட்டுப் புழுக்கை. முகத்தில் ஒரு சிரிப்பு, யாரும் சொல்லிக்கொடுக்காத சிரிப்பு.

சோற்றுப் பாத்திரத்தோடு வந்த ஜெம்மா இதையெல்லாம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஷிஜா பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே பார்த்த முகம் அது. அப்புறம் இன்றுதான் பார்க்கிறாள். அப்படியென்றால் தினமும் இந்த முகத்தை ஸ்டேஷனில் வைத்துவிட்டு, மற்ற முகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தாரா இந்த மனுஷன்? அவளுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பக்கத்தில் வந்தாள்.

“நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போங்க.”

நிக்கோலஸின் சிரிப்பு டக்கென்று மறைந்தது. தோள் தொங்கியது. குரலில் பழைய ஈரம் வந்துவிட்டது.

“திரும்பவும் என்னை அந்த நரகத்துல தள்ளுறியா ஜெம்மா?”

“தள்ளுறேன்.”

“நான் இங்க நிம்மதியாட்டு இருக்கேன்.”

“தெரியும். கண்டேன். ஜெய்சன் பாவம், அவனும் பிழைக்கணும் இல்லியா.”

“நீ இவ்வளவு நிர்பந்திச்சதுனால போறேன்” என்றார் நிக்கோலஸ். “ஒனக்காக மட்டும்தான். பாத்துக்க.”

“எனக்காகத்தான். சோறு தின்னுங்க.”

ஒரு மாத லீவு பாதியில் ரத்தானது. கடைக்குள்ளே அசையாமல் நின்றிருந்த அந்த வாடிக்கையாளரை ஜெய்சன் கண்டுபிடித்து, காபி வாங்கிக் கொடுத்து, இரண்டு கைகளையும் பிடித்து மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தான். பிறகு கல்லாவில் உட்கார்ந்து, வெகுநாளைக்குப் பிறகு, சத்தம்போட்டு ஜெபம் செய்தான்.

மறுநாள் நிக்கோலஸ் ஸ்டேஷன் படியேறும்போது கூட்டுகிற அம்மாள்கூட வந்திருக்கவில்லை. அகிலேஷ் வந்து பார்த்தபோது அவன் சாமான்கள் பத்திரமாகப் பெஞ்சில் இருந்தன. நாற்காலியில் நிக்கோலஸ் இருந்தார். ‘தப்பித்தவர்’ திரும்பி வந்ததைப் பார்த்ததும் ஸ்டேஷனில் எல்லோருக்கும் ஒரு பெரிய ஆறுதல். தாங்களும் போகாமலிருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதல்லவா?

இன்ஸ்பெக்டர் ஷியாமளா உள்ளே வந்து நின்றார்.

“எந்தா நிக்கோலஸே, திரிச்சு வந்நோ?” திரும்பி வந்தாச்சா என்று கேட்கிறார்.

“என்ன செய்யச் சொல்லுறீங்க மேடம்” என்றார் நிக்கோலஸ், மேஜையைத் துடைத்துக்கொண்டே. “வீட்டுல விடமாட்டேங்கா. இல்லைன்னா இந்தச் சோலியில மனுசன் இருப்பானா?”

ஷியாமளா மேடம் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டு, “இதொரு ஜோலியாணோ?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டது சுவர் தாண்டிக் கேட்டது.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். கோபித்துக்கொள்ளக் கூடாது. இதை எங்கே உட்கார்ந்து வாசிக்கிறீர்கள்? ஆபீஸிலா? லீவு நாளில், ‘சும்மா ஒரு பாதி வேலை கிடந்தது’ என்று வந்த ஆபீஸிலா? வாசிக்கும்போது, ‘அட, இது அப்படியே நம் பக்கத்து சீட்டு ஆள்’ என்று நினைத்து, தலையைச் சாய்த்து அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தீர்களா? சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். அவர் உங்களுக்கு முன்னாலேயே இதை வாசித்து முடித்துவிட்டு, இவ்வளவு நேரமும் உங்களைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருக்கிறார்.